மேற்கு மாம்பலத்தில் புதுப்பித்த ஃப்ளாட்: 62 லட்சம் கொடுக்கலாமா?

நீங்கள் கேட்டது இது. மேற்கு மாம்பலத்தில் அயோத்தியா மண்டபத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு ஒற்றைப் படுக்கையறை வீடு. 1991ல் கட்டிய குடியிருப்பு. தரைத்தளம், அதற்கு மேல் இரண்டு தளம், தளத்துக்கு மூன்று என்று மொத்தம் 9 வீடுகள். லிஃப்ட் கிடையாது. இது மேல் தளத்தில் இருக்கிறது. 520 சதுர அடி, யூடிஎஸ் (மனையில் பிரிக்காத பங்கு) 260. போன வருஷம் வாங்கியவர் முழுக்கப் புதுப்பித்து இப்போது 62 லட்சம் சொல்கிறார். அம்மாவுக்காகப் பார்க்கிறீர்கள். விலை சரியா, வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?

நான் சிவில் என்ஜினியர். பழைய ஃப்ளாட் வாங்குகிறவர்கள் கூப்பிட்டால் போய்ப் பார்த்துச் சொல்வது இப்போது என் வேலையில் பாதி. அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று டைல்ஸ், மாடுலர் கிச்சன், சீலிங்கில் வளைவு வளைவாக எல்இடி விளக்கு, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரே இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் வாங்கப்போவது 260 சதுர அடி மண்ணையும், முப்பது வருஷத்துக்கு மேல் வெயிலும் மழையும் பார்த்த கான்கிரீட்டையும். டைல்ஸும் பெயின்ட்டும் அதற்குப் போட்ட சட்டை. விலை பேசும்போது சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பேச வேண்டும்.

முதலில் நீங்கள் கொடுத்த எண்களையே பார்ப்போம். எனக்கு அதில்தான் உறுத்தியது. 520ஐ 260ஆல் வகுத்தால் 2 வருகிறது. இதற்கு என்ன அர்த்தம்? 9 வீட்டுக்கும் இதே கணக்கு என்றால் மனை 2,340 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டுக்கு (2,400 சதுர அடி) 60 சதுர அடி குறைவு. அதன்மேல் 4,680 சதுர அடி கட்டியிருக்கிறார்கள். மனையைப் போல இரண்டு மடங்கு. சென்னையில் சாதாரணக் குடியிருப்புக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனையைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு, நீண்ட காலம் 1.5தான். 2019 விதிகளில்தான் அது 2 ஆனது. 1.5 என்றால் இந்த மனையில் 3,510 சதுர அடிதான் கட்டியிருக்கலாம். தளத்துக்கு 1,560 என்று வைத்தால் தரைத்தளமும் முதல் தளமும் சேர்ந்தே 3,120 ஆகிவிடுகிறது. மிச்சம் 390 சதுர அடி. அதில் மேல் தளத்தில் மூன்று வீடு எப்படி வந்தது?

பொறுங்கள், இதை வைத்து மேல் தளம் அனுமதி இல்லாதது என்று முடிவு கட்டவில்லை. மொட்டை மாடிப் படிக்கட்டு அறை போல எஃப்எஸ்ஐ கணக்கில் சேராத இடங்களையும் சேர்த்து 520 என்று எழுதியிருக்கலாம். யூடிஎஸ் பிரித்ததில் பில்டர் தனக்கென்று கொஞ்சம் மண் நிறுத்திக்கொண்டிருக்கலாம். அந்தக் காலத்தில் அது சகஜம். ஆனால் கேள்வி கேட்டே ஆக வேண்டும். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது மாநகராட்சி அனுமதித்த வரைபடத்தின் நகலை வாங்குங்கள். அதில் இரண்டாம் தளம் இருக்கிறதா, இருந்தால் எத்தனை வீடு போட்டிருக்கிறது என்று பாருங்கள். இல்லாவிட்டால், விதி மீறிய கட்டடங்களை முறைப்படுத்த 1999ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் பணம் கட்டினார்களா என்று சங்கத்தில் கேளுங்கள். ரசீது மட்டும் வைத்துக்கொண்டு ‘ரெகுலரைஸ் ஆயிடுச்சு சார்’ என்பார்கள். விண்ணப்பித்தது வேறு, ஆணை வந்தது வேறு.

அனுமதி இல்லாவிட்டால் நாளைக்கே யாரும் இடிக்க வரமாட்டார்கள் என்பது உண்மைதான். மாம்பலத்தில் அப்படி இடிப்பதென்றால் பாதித் தெருவை இடிக்க வேண்டும். சிக்கல் வேறு இடத்தில் வரும். வங்கி வக்கீல் வரைபடம் கேட்பார். நீங்கள் விற்கும்போது வாங்குகிறவரின் வங்கி கேட்கும். அப்புறம் மறுகட்டுமானம்.

மறுகட்டுமானம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தரகர் இதைச் சொல்லித்தான் விலையை ஏற்றுவார். ‘இன்னும் அஞ்சாறு வருஷத்துல பில்டர் வருவான், ஒண்ணுக்கு ஒண்ணரை குடுப்பான்.’ அசோக் நகர், கே.கே. நகர் பக்கம் பழைய குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டியது பலருக்கும் தெரியும். அங்கெல்லாம் மனை பெரிது, கட்டியது குறைவு. இன்றைய எஃப்எஸ்ஐயில் கூடுதலாகக் கிடைக்கும் வீடுகளை விற்றுத்தான் பில்டர் தன் செலவையும் லாபத்தையும் எடுக்கிறார். உங்கள் குடியிருப்பில் இன்றைய வரம்பான 2ஐ ஏற்கெனவே தொட்டாயிற்று. கூடுதலாக விற்பதற்கு பில்டருக்கு அங்கே என்ன இருக்கிறது? காசு கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம், ஆனால் அதற்குத் தெரு குறைந்தது 9 மீட்டர் அகலம் வேண்டும். அயோத்தியா மண்டபத்தைச் சுற்றியுள்ள உள்தெருக்களில் எதிரெதிரே இரண்டு கார் வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்துவிடுங்கள்.

சட்டம் இப்போது முன்பைவிட வசதியாக இருக்கிறது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022ன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். ஒரே ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்ற நிலைமை மாறியது. 9 வீட்டில் 6 பேர் போதும். ஆனால் சட்டம் வழிவிட்டாலும் கணக்கு கட்டுப்படியாக வேண்டுமே. உங்கள் குடியிருப்பில் அது இப்போதைக்கு இல்லை. இடித்துக் கட்டுவதென்றால் அவரவர் கைக்காசைப் போட்டுத்தான் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே அந்த ஆசைக்கென்று ஒரு ரூபாய்கூட விலையில் சேர்க்காதீர்கள்.

இப்போது விலை. உங்கள் தெருவில் காலி மனையோ இடிக்கிற பழைய வீடோ கிரவுண்ட் என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். இந்த வீட்டைக் காட்டிய தரகரிடம் வேண்டாம். கணக்குப் புரிவதற்காக 4 கோடி என்று வைத்துக்கொள்கிறேன். 2,400ஆல் வகுத்தால் சதுர அடி சுமார் 16,670. உங்கள் 260க்கு 43 லட்சத்துச் சொச்சம். அடுத்தது கட்டடம். இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,500 என்று போட்டால் 520க்கு 13 லட்சம். ஆயுள் 60 வருஷம் என்று எடுத்தால் பாதிக்கு மேல் போய்விட்டது, மிச்ச மதிப்பு ஐந்தரை லட்சம். ஆக 49 லட்சம். சொல்லும் விலை 62. நடுவில் இருக்கும் 13 லட்சம்தான் டைல்ஸ், கிச்சன், விளக்கு, விற்பவரின் லாபம் எல்லாம். புதுப்பித்ததற்கான பில்லைக் காட்டச் சொல்லுங்கள். 520 சதுர அடி வீட்டுக்குள் நிஜமாகவே எவ்வளவு இறக்கியிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

பில் தராவிட்டாலும் இன்னொரு வழி இருக்கிறது, பலருக்கு இது தோன்றுவதில்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம். போன வருஷம் அவர் வாங்கிய கிரயப் பத்திரம் அதில் ஒரு வரியாக இருக்கும், பக்கத்தில் கைமாற்றுத் தொகையும் (பத்திரத்தில் காட்டிய விலை) இருக்கும். பத்திரத்தில் காட்டியது முழுத் தொகையா என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். இருந்தாலும் பேரம் பேச உட்காரும்போது அந்த எண் உங்கள் சட்டைப்பையில் இருப்பது நல்லது.

அதே வில்லங்கச் சான்றில் இன்னும் இரண்டு விஷயம். வாங்கும்போது அவர் வங்கிக் கடன் எடுத்திருந்தால் உரிமை ஆவணங்களை ஒப்படைத்த பதிவு இருக்கும். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணமும் பதிவாகியிருக்க வேண்டும். இரண்டாவது, அவர் பெயரில் கிரயமே ஆகாமல் வெறும் ஒப்பந்தமும் பவரும் (உரிமையாளர் சார்பில் விற்க அதிகாரம் தரும் பத்திரம்) வைத்துக்கொண்டு புதுப்பித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கையில் இருக்கும் முதலைக் குறைவாக முடக்கி, சுழற்றி எடுக்கிற வியாபாரம். அது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் அந்தப் பவர் செல்லும். அப்படியென்றால் பழைய உரிமையாளரையே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தயங்கினால் விலகிவிடுங்கள்.

1991ல் முதலில் வாங்கியவரின் பத்திரத்தைப் பார்க்கும்போது அதில் வீடே இல்லையே என்று பயப்படாதீர்கள். அப்போதெல்லாம் மண் பங்கை மட்டும்தான் கிரயம் பதிவார்கள், கட்டுவதற்கு பில்டரோடு தனியாக ஒரு ஒப்பந்தம் இருக்கும். அந்த ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்குங்கள், 520 என்ற எண்ணின் மூலம் அதில்தான் இருக்கும். மூலப்பத்திரம், இடையில் யாராவது இறந்திருந்தால் வாரிசுச் சான்று, இதெல்லாம் வக்கீல் பார்ப்பார். விற்பவர் சிபாரிசு செய்யும் வக்கீல் வேண்டாம், வங்கி வக்கீல் பார்த்தால் போதும் என்றும் விட்டுவிட வேண்டாம். அவர் வங்கியின் பணத்துக்குத்தான் காவல்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். என் துறை இது, கொஞ்சம் நீளும்.

போட்டோவில் ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையே சுவர் இல்லை என்றேன் அல்லவா? எனக்கு அந்த வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் மாம்பலத்தில் கட்டிய மூன்று தளக் குடியிருப்புகளில் பல, தூண் இல்லாதவை. செங்கல் சுவரே மேல்தளத்தைத் தாங்கும். லோடு பேரிங் என்போம். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் அது பாரம் சுமக்கிற சுவர், நாலரை அங்குலம் என்றால் பெரும்பாலும் வெறும் தடுப்பு. எடுத்த சுவர் எது? கீழ் வீட்டில் அதே இடத்தில் சுவர் இருக்கும், கதவு நிலை வழியாகக் கனத்தைப் பார்த்தாலே தெரியும். ஒன்பது அங்குலச் சுவரை எடுத்துவிட்டு மேலே இரும்பு பீமோ கான்கிரீட் பீமோ கொடுக்காமல் விட்டிருந்தால், உங்கள் தலைக்கு மேல் மொட்டை மாடித் தளம் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த வளைவான சீலிங் அலங்காரம் சரியாக அந்த இடத்தில்தான் வருகிறது என்பதையும் கவனித்தேன். தற்செயலாக இருக்கலாம்.

ஃபால்ஸ் சீலிங் என்றாலே எனக்குச் சந்தேகம். பழைய கட்டடத்தில் கூரைப் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட்டுக்குள் காற்றும் ஈரமும் போகப் போக அதன் காரத்தன்மை குறைந்து கம்பி துருப்பிடிக்கிறது. துரு, கம்பியைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் உள்ளிருந்து கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். மேல் தளம் என்பதால் மழைத் தண்ணீரும் நேரடியாக இறங்கும். இதைச் சரியாகச் செய்வதென்றால் உதிர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துருத்தடுப்பு அடித்து, பாலிமர் கலவையால் பூச வேண்டும். மலிவான வழி, அடியில் ஜிப்சம் பலகை அடித்து மூடிவிடுவது. விளக்குக் குழியில் ஒன்றைக் கழற்றி, செல்போனை உள்ளே விட்டு ஃப்ளாஷ் போட்டு நாலு பக்கமும் வீடியோ எடுங்கள். அரை நிமிஷ வேலை. விற்பவர் விளக்கைக் கழற்ற விடமாட்டேன் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

சீலிங் போடாத அறைகளில் ஒரு கம்போ துடைப்பக் கட்டையோ வைத்துத் தட்டிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் ‘டக் டக்’ என்று கேட்கும். உள்ளே பிடிப்பு விட்டிருந்தால் காலிப் பானையைத் தட்டுவது போலப் பொள்ளலாகக் கேட்கும். புது பெயின்ட் அடித்தாலும் சத்தத்துக்கு பெயின்ட் அடிக்க முடியாது.

அப்புறம் மொட்டை மாடி. தட்டு ஓடு பதித்த தளமா, ஓடுகளுக்கு நடுவே பூச்சு விட்டிருக்கிறதா, தண்ணீர் போகும் குழாய் வாயில் செடி முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையாக ஏதோ கூலிங் பெயின்ட் புதிதாக அடித்திருந்தால் எதற்காக அடித்தார்கள் என்று கேளுங்கள். மாடி பொதுவானது, அதைப் பழுது பார்ப்பது 9 பேரின் செலவு. ஆனால் ஒழுகுவது மேல் தளத்து மூன்று வீட்டில்தான், மற்ற ஆறு பேருக்கு அவசரம் இருக்காது. சங்கத்தின் இருப்புத் தொகை எவ்வளவு, கடைசியாக மாடிக்கு எப்போது செலவு செய்தார்கள் என்று செயலாளரிடம் விசாரியுங்கள்.

தரைக்கு வந்தால், பழைய மொசைக் தரையை உடைக்காமல் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கதவுகளின் அடிப்பக்கம் புதிதாக அறுத்திருந்தால், வாசற்படி தாழ்ந்து தரை ஏறியிருந்தால் அதுதான் அர்த்தம். பசை வைத்து ஒட்டினால் சதுர மீட்டருக்கு 25 கிலோ கூடும், வீடு முழுக்க ஒரு டன். அதைப் பழைய தளம் தாங்கிக்கொள்ளும். ஆனால் பசை இல்லாமல் ஒன்றரை அங்குலத்துக்கு மணலும் சிமென்ட்டும் கொட்டிப் போட்டிருந்தால் பாரம் அதைப் போல நான்கு மடங்கு. அது எனக்குப் பிடிக்காது.

குளியலறையை உங்கள் வீட்டில் நின்று பார்த்து ஒன்றும் தெரியாது. கீழ் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். சில வருஷம் முன்பு இதே மாம்பலத்தில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். குளியலறை ஐந்து நட்சத்திர ஹோட்டல் மாதிரி இருந்தது. கீழே இறங்கி, மேல் வீட்டை வாங்கப்போகிறவர்களுக்காக வந்திருக்கிறேன் என்றதும் அந்த மாமி உள்ளே அழைத்துப் போய்ச் சமையலறை மூலையைக் காட்டினார். கூரையில் முறம் அளவுக்கு ஈர வட்டம், அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. “மேல டைல்ஸ் போட்ட நாள்லேர்ந்துதான் சார் இது. கேட்டா, வீடு விக்கப்போறோம், வர்றவாகிட்ட பேசிக்கோங்கோன்னுட்டா” என்றார். வர்றவர் என் கட்சிக்காரர்தான். பழைய நானி டிராப்பை (தரையில் கழிவுநீர் இறங்கும் கிண்ணம்) மாற்றாமல், அதன் வாயைச் சுற்றி டைல்ஸ் மட்டும் புதிதாகப் போட்டு மூடியிருந்தார்கள். விற்றவர் செலவில் உடைத்துச் சரிசெய்த பிறகுதான் பத்திரம் பதிந்தோம்.

குழாய்களிலும் இதே கதைதான். வீட்டுக்குள் புது சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் போட்டிருப்பார்கள். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பொதுக் குழாய் 1991ன் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயாகவே இருந்தால், உள்ளே துரு கட்டி வாய் சுருங்கி, புது ஷவரில் நூல் மாதிரித் தண்ணீர் வரும். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். மின்சாரத்துக்கு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் போய் ஒரு ஸ்விட்ச் தட்டைக் கழற்றுங்கள். தட்டு புதிது, ஒயர் பழசு என்பது அடிக்கடி பார்க்கிற விஷயம். ஏசி இணைப்புக்கு 4 எம்எம் ஒயர் தனியாக வந்திருக்கிறதா, எர்த் இருக்கிறதா, பெட்டியில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியன் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

சுற்றுப்புறத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதற்காகத்தானே அங்கே பார்க்கிறீர்கள். காலையில் காய்கறிக் கடை, மெஸ், வடை போடுகிற கடை, மார்கழி என்றால் விடியுமுன் ஒலிபெருக்கி, சாயங்காலம் அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசம். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 2023ல் ஆகாய நடைபாதை வந்த பிறகு ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் முட்டி மோதாமலே அந்தப் பக்கம் போகலாம். சரவணா ஸ்டோர்ஸ் பை இரண்டு கையில் இருந்தாலும் சமாளிக்கலாம். அம்மாவைப் போன்றவர்களுக்கு நடந்தே எல்லாம் கிடைக்கும் ஊர் சென்னைக்குள் இது ஒன்றுதான் என்று நான் சொன்னால் மயிலாப்பூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கார் நிறுத்த இடமில்லை, தெருவில் விட்டால் கீறல் நிச்சயம். அது அம்மாவுக்குக் கவலை இல்லை, வார இறுதியில் வரும் உங்களுக்குத்தான்.

ஆனால் தண்ணீர். லேக் வியூ ரோடு என்ற பெயரைக் கவனித்தீர்களா? அந்த ஏரி இன்று இல்லை. 1920களில் ஏரியை வற்றவைத்துத்தான் தி.நகரை உருவாக்கினார்கள். மழைக்கு அது இன்னும் நினைவிருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் மேற்கு மாம்பலத்தின் பல தெருக்கள் நாள் கணக்கில் தண்ணீரில் நின்றன. துரைசாமி சுரங்கப்பாதை கனமழை என்றாலே மூடப்படும். மேல் தளத்து வீட்டுக்குள் தண்ணீர் வராது, உண்மை. ஆனால் சம்ப்பில் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) சாக்கடை கலந்தால், கீழே இருக்கும் மீட்டர் பலகை நனைந்து மின்சாரம் போனால், மூன்று நாள் அம்மா மேலேயே மாட்டிக்கொள்வார். மீட்டர் பெட்டியை இடுப்பு உயரத்துக்கு மேலே ஏற்றியிருக்கிறார்களா, சம்ப் மூடியைச் சுற்றி மேடு கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரிடம் 2015ல் எதுவரை வந்தது என்று கேளுங்கள். கையை வைத்துக் காட்டுவார். அந்த உயரத்தை எந்தத் தரகரும் சொல்லமாட்டார்.

பணக் கணக்கையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மறுவிற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். புது வீட்டின் முதல் விற்பனைக்கு உள்ள சலுகை விகிதம் இதற்குப் பொருந்தாது. 62 லட்சத்துக்கு 5 லட்சத்து 58 ஆயிரம். கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் தர முடியும், அதுவும் அவர்கள் மதிப்பீட்டில். பத்திரச் செலவு அந்தக் கணக்கில் சேராது. வங்கியின் மதிப்பீட்டாளர் உங்கள் எல்இடி விளக்கைப் பார்த்து மயங்கமாட்டார். அவர் 50 லட்சம் என்று எழுதினால் கடன் 40. மிச்சம் 22, பத்திரம் ஐந்தரை, தரகு 1 சதவீதம் என்று கையில் 28 லட்சம் தயாராக இருக்க வேண்டும். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் விற்பவருக்குக் கொடுப்பதில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்கு டிடிஎஸ்ஸாகக் கட்டுவது உங்கள் பொறுப்பு, மறந்தால் அபராதம் உங்களுக்குத்தான் வரும். அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விகிதமே வேறு, ஆடிட்டரைக் கேட்காமல் செக் கொடுக்காதீர்கள்.

அவர் வாங்கி 24 மாதம் ஆகாததால் லாபம் அவருடைய மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். ஆகவே ‘பத்திரத்துல கம்மியா போட்டுக்கலாம், மீதி கேஷ்’ என்று நிச்சயம் கேட்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்குவதே சட்டப்படி தப்பு. அதோடு உங்கள் கடன் தொகையும் பத்திர விலையைப் பார்த்துத்தான் வரும், நாளை நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகக் காட்டி வரி உங்கள் தலையில் விழும்.

எவ்வளவு கொடுக்கலாம் என்று நேராகவே கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் தளம் அனுமதி வரைபடத்தில் இருந்து, எடுத்த சுவர் பாரம் தாங்காத சுவராக இருந்து, கூரை தட்டினால் கெட்டியாகக் கேட்டு, மண் விலையும் நான் வைத்த அளவில் இருந்தால், 53 லட்சத்தில் பேச்சைத் தொடங்கி 55 வரை போவேன். 49க்கு மேல் உள்ளது, வேலை முடிந்து குடிபோகத் தயாராக இருப்பதற்காக. வரைபடத்தில் தளமே இல்லை என்றால் மண் விலைக்கு மேல் தரமாட்டேன், கடன் கிடைப்பதும் கஷ்டம். சுவர் விஷயம் தவறாக இருந்தால் விலையே பேசமாட்டேன்.

கடைசியாக ஒன்று. அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி உண்டு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். லிஃப்ட் இல்லாத இரண்டாம் தளம் என்றால் நாற்பது படி வரை இருக்கும். காலையில் பால், அப்புறம் கோயில், சாயங்காலம் காய்கறி என்று நாளைக்கு மூன்று முறை. புதுப்பித்தவர் டைல்ஸை மாற்றினாரே தவிர படியைத் தொட முடியவில்லை. குறுகலான படிக்கட்டில் கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கும், படி உயரமும் ஏழு அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடும். அதே தெருவில் தரைத்தளமோ முதல் தளமோ புதுப்பிக்காத வீடு கிடைத்தால், அதை வாங்கி நீங்களே டைல்ஸ் போட்டுக்கொள்வதை நான் அதிகம் விரும்புவேன். முதல் தளம் என்றால் வெள்ளமும் வராது, வெயிலும் இறங்காது.

இந்த வீடுதான் என்றால், அடுத்த முறை போகும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள். போகிற வழியில் கடையில் இரண்டு கிலோ காய்கறி வாங்கி அவர் கையிலேயே கொடுத்து, அவர் வேகத்தில் ஏறவிட்டுப் பின்னாலேயே போங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் அவர் முதலில் டைல்ஸைப் பார்க்கிறாரா, உட்கார நாற்காலியைத் தேடுகிறாரா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் பற்றி யோசிக்கலாம்.